வலை, தரைவலை, தாழ்ப்பாள்: ஒரு கோழிக்கொட்டிலை மறுபடி கட்டிய பதிவு

வீட்டின் பின்புறம் வளர்க்கும் கோழிகளுக்கு இருந்த பழைய கொட்டில், மரச்சட்டங்களின்மேல் மெல்லிய அறுகோண வலை அடித்து, மேலே தகரம் வேய்ந்து, முன்பக்கம் ஒற்றைக் கொண்டி வைத்த கதவோடு நின்றது. ஓர் இரவில் அதனுள் மூன்று கோழிகள் கொல்லப்பட்ட பிறகு, அதைப் பழுதுபார்ப்பதா, பிரித்துவிட்டுப் புதிதாகக் கட்டுவதா என்ற கேள்வி எழுந்தது. சட்டங்களும் கூரையும் கல்பாவிய தரையும் உறுதியாகவே இருந்ததால், அவற்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்ற அனைத்தையும் மாற்றுவது என்று முடிவு செய்தேன். எந்தப் பொருளை ஏன் தேர்ந்தேன், எதை ஏன் தவிர்த்தேன், எந்த இடத்தில் அதிக நேரம் செலவிட வேண்டியிருந்தது என்பதை, இதே நிலையில் இருப்பவர்களுக்குப் பயன்படட்டும் என்று விரிவாக எழுதுகிறேன்.

கோழியின் பகல் பார்வை மிகக் கூர்மையானது; இருட்டிலோ அதனால் ஏறத்தாழ எதுவும் செய்ய இயலாது. வீட்டுக்கோழியின் மூதாதையான சிவப்புக் காட்டுக்கோழி, பொழுது சாய்ந்ததும் மரக்கிளைகளில் ஏறி அடைந்துதான் இரவைக் கடக்கிறது. நாம் கோழியைக் கொட்டிலில் அடைக்கும்போது அந்த உயரத்தையும், பறந்து தப்புவதற்கான வெளியையும் அதனிடமிருந்து எடுத்துக்கொள்கிறோம். அவற்றுக்கு ஈடாகத் தருவது சுவர்களின் உறுதி மட்டுமே. அந்த உறுதியில் ஓரிடத்தில் குறை இருந்தாலும், உள்ளே புகுந்த விலங்கிடமிருந்து ஒரு கோழிகூடத் தப்ப வழியில்லை. ஊனுண்ணிகள் தமது தேவைக்கு மேல் இரைகளைக் கொல்வதைப் பற்றி விலங்கியலாளர் ஹான்ஸ் குரூக் 1972இல் ஓர் ஆய்வுக்கட்டுரை எழுதினார். பசி அடங்கினால் விலங்கு இரை தேடுவதை நிறுத்திவிடும்; ஆனால் தப்பியோடாத இரை கண்ணெதிரிலேயே இருந்தால், கொல்வதைப் பசியின்மை தடுப்பதில்லை என்பது அதன் சாரம். மரநாயோ நரியோ ஒரே இரவில் கொட்டிலில் இருந்த அனைத்தையும் கொன்றுவிட்டு ஒன்றை மட்டும் தூக்கிச் செல்வதை விலங்கின் கொடூரமாகப் பலர் பேசுகிறார்கள்; உண்மையில் அது நாம் அமைத்துக்கொடுத்த சூழலின் விளைவு. இதனால்தான் பாதி வலுவான கொட்டிலில் எனக்கு நம்பிக்கை இல்லை. முழுதாக அடைபடாத கொட்டில், கோழிகளை ஓரிடத்தில் திரட்டி வைத்துக் கொடுப்பதையே செய்கிறது.

வந்தது எது?

தோண்டி வருகிற விலங்கைத் தடுக்கும் முறை வேறு, ஏறி வருகிற விலங்கைத் தடுக்கும் முறை வேறு. ஆகவே வலை வாங்குவதற்கு முன்பே, வந்தது எது என்று அறிய விரும்பினேன். இறந்த கோழிகளின் கழுத்திலும் தலையின் அடியிலும் சிறிய, ஆழமான பற்குறிகள் இருந்தன. இறகுகள் அதிகம் பிடுங்கப்படவில்லை. உடல்கள் உள்ளேயே கிடந்தன. தரையோரத்தில் தோண்டிய தடம் எதுவுமில்லை. கூரைக்கும் பின்சுவருக்கும் இடையே மட்டும், வலை ஆணியிலிருந்து கழன்று ஒரு கை நுழையும் அளவுக்கு விலகியிருந்தது.

மீதமிருந்த கோழிகளைப் பூட்டக்கூடிய ஓர் அறைக்கு மாற்றிவிட்டு, கொட்டிலைச் சுற்றிலும் சலித்த மண்ணை விரல் கனத்துக்குப் பரப்பி, லேசாக நீர் தெளித்துச் சமப்படுத்தி வைத்தேன். உயிர் பறித்த இடத்துக்கு விலங்கு பெரும்பாலும் திரும்பி வரும் என்பதால் இதற்கு நெடுநாள் காத்திருக்க வேண்டியதில்லை. பதிந்த தடங்களில் ஐந்து விரல்கள் தெளிவாகத் தெரிந்தன. நாயும் பூனையும் நான்கு விரல்களையே தரையில் பதிக்கும்; நாயின் தடத்தில் நகக்குறி தெரியும், பூனை நகங்களை உள்ளிழுத்துக்கொண்டு நடப்பதால் தெரியாது. ஐந்து விரல் என்றதும் கீரி, மரநாய் ஆகிய இரண்டின்மேல் ஐயம் குவிந்தது. கீரி பகலில் இயங்குவது. மரநாய் இரவில் இயங்குவதோடு மிக நன்றாக ஏறவும் கூடியது. அசைவை உணர்ந்து படமெடுக்கும் இரவுக்கேமரா ஒன்றைக் கூரையை நோக்கி மாட்டியபோது, மரக்கிளை வழியாகத் தகரத்தில் இறங்கி, கழன்ற வலையை நோக்கி நேராக நடந்த மரநாயையே அது பதிவுசெய்தது.

இந்தத் தேடலின்போது கற்ற மற்ற அடையாளங்களையும் சொல்லிவிடுகிறேன். நாய் புகுந்திருந்தால் கோழிகள் தின்னப்படாமல், உடலெங்கும் கடிபட்டு, பரவலாகச் சிதறிக் கிடக்கும். வலையும் பலகையும் பலமாக இழுக்கப்பட்டிருக்கும். பருந்தும் வல்லூறும் இரையை உண்ணுமுன் இறகுகளைப் பிடுங்குவதால், திறந்த வெளியில் ஒரே இடத்தில் இறகுக் குவியல் கிடக்கும். வலையோரத்தில் தலை மட்டும் இல்லாத உடல் கிடந்தால், ஏதோ ஒரு விலங்கு வெளியிலிருந்தே வலைக்கண் வழியாகப் பிடித்து இழுத்திருக்கக்கூடும். வட அமெரிக்காவைச் சேர்ந்த ரக்கூன் என்ற இரவு விலங்கு வாழும் நாடுகளில் அதன்மேல்தான் முதலில் ஐயம் எழும். குஞ்சு ஒன்று இறந்து, அதன் தலையும் கழுத்தும் மட்டும் ஈரமாக ஒட்டிக் கிடந்தால், தன்னால் விழுங்க முடியாத அளவு பெரியதைப் பாம்பு முயன்று பார்த்துவிட்டு விட்டிருக்கிறது என்று கொள்ளலாம். முட்டை ஓடுகூட இல்லாமல் மறைவதும் பெரும்பாலும் பாம்பின் வேலை. கடித்து உடைத்த ஓடுகள் கிடந்தால் எலியையோ கீரியையோ நினைக்க வேண்டும். எனினும் ஒற்றை அடையாளத்தை வைத்து முடிவுகட்டுவது சரியன்று. ஒரு விலங்கு கொன்றுவிட்டுப்போன உடலை வேறொன்று வந்து தின்பது சாதாரணமாக நடப்பதால், தடம், கடி, நேரம், நுழைந்த வழி ஆகிய நான்கும் ஒன்றோடொன்று பொருந்துகின்றனவா என்று பார்க்க வேண்டும்.

சேவல் வளர்ப்பவர்களுக்கு இன்னொரு சாட்சியும் உண்டு. வானில் பருந்தைக் கண்டால் சேவல் எழுப்பும் எச்சரிக்கை ஒலியும், தரையில் ஊனுண்ணியைக் கண்டால் எழுப்பும் ஒலியும் வேறானவை. கிறிஸ் எவன்ஸ், லிண்டா எவன்ஸ், பீட்டர் மார்லர் ஆகியோர் 1993இல் வெளியிட்ட ஆய்வில், இந்த ஒலிகளின் பதிவுகளை மட்டும் பெட்டைகளுக்குக் கேட்கச் செய்தார்கள். வான் எச்சரிக்கையைக் கேட்ட பெட்டைகள் மறைவிடத்துக்கு ஓடிப் பதுங்கி மேல்நோக்கிப் பார்த்தன. தரை எச்சரிக்கையைக் கேட்டவை நிமிர்ந்து நின்று சுற்றுமுற்றும் பார்த்தன. சேவலின் குரலைக் கவனிக்கப் பழகிய பின், வீட்டுக்குள் இருந்தபடியே ஆபத்து மேலிருந்து வருகிறதா, வேலியோரத்திலிருந்து வருகிறதா என்று பெரும்பாலான நேரங்களில் என்னால் சொல்ல முடிகிறது. விட்டுவிட்டுத் தொடர்ந்து கொக்கரித்தால் தரைப்பக்கம். மெல்லிய, நீண்ட ஒற்றை ஒலி என்றால் வானம்.

வலை

பழைய வலை, கோழிவலை என்ற பெயரில் எங்கும் கிடைக்கும் அறுகோணக் கண் வலை. முறுக்கிப் பின்னிய மெல்லிய கம்பியாலான அது, கோழி வெளியே போகாமல் தடுப்பதற்குப் போதுமானது. வெளியிலிருந்து வருவதைத் தடுக்கும் வலிமை அதற்கு இல்லை. நாய் பல்லால் கடித்து இழுத்தால் கிழியும். துருப்பிடித்த ஓரிடத்தில் ஒரு கம்பி அறுந்தாலே பின்னல் அடுத்தடுத்து விரிந்துகொடுக்கும். கம்பிகள் சந்திக்கும் ஒவ்வோர் இடத்திலும் பற்றவைக்கப்பட்ட சதுரக்கண் வெல்டு மெஷ்தான் இந்த வேலைக்கு ஏற்றது.

அதிலும் கண்ணின் அளவும் கம்பியின் கனமும் இரண்டு தனித்தனிக் கேள்விகள். வளர்ந்த எலி ஏறத்தாழ 20 மி.மீ. இடைவெளி கிடைத்தால் நுழைந்துவிடும். சுண்டெலிக்கு 6 மி.மீ. போதும். வீசல் என்ற ஒல்லியான சிறு ஊனுண்ணி வாழும் நாடுகளில் அது 25 மி.மீ. கண்ணில் எளிதாகப் புகும்; மரநாய், பூனை போன்றவை புக முடியாவிட்டாலும் அந்தக் கண்ணுக்குள் பாதத்தை நீட்டும். இவற்றையெல்லாம் எண்ணி, இரவுக்கொட்டில் முழுவதற்கும் 12 மி.மீ. கண்ணும் 19 கேஜ் கனமும் உள்ள வலையைத் தேர்ந்தேன். கேஜ் எண் கூடக்கூடக் கம்பி மெலியும் என்பதை நினைவில் வைக்க வேண்டும். 19 கேஜ் என்பது ஏறத்தாழ 1 மி.மீ. விட்டம், 16 கேஜ் என்பது ஏறத்தாழ 1.6 மி.மீ. நாய்களின் தொல்லை மிகுந்த இடமாக இருந்தால், சுவரின் கீழ்ப்பாதியில் சிறுகண் வலையின்மேல் 16 கேஜ் வலையையும் சேர்த்து இரண்டு அடுக்காகப் போடுவதையே பரிந்துரைப்பேன்.

துத்தநாகப் பூச்சு எப்போது பூசப்பட்டது என்பதையும் பார்த்து வாங்க வேண்டும். பூச்சிட்ட கம்பியை எடுத்துப் பின்னர் பற்றவைத்தால், பற்றவைத்த புள்ளிகளில் பூச்சு எரிந்துபோய், அங்கிருந்தே துரு தொடங்கும். பற்றவைத்து முடித்த வலையை மொத்தமாகத் துத்தநாகத்தில் தோய்த்தெடுத்தால் சந்திப்புகளும் மூடப்படும். அந்த வகையில் சந்திப்புகளின்மேல் துத்தநாகம் திரண்டு நிற்பதைக் கண்ணாலேயே காணலாம். கோழி எச்சத்திலிருந்து எழும் அம்மோனியாவும் ஈரமும் உலோகத்தை விரைவில் அரிப்பதால், கொட்டில் வலையைப் பொறுத்தவரை இந்த வேறுபாடு பல ஆண்டு ஆயுளைத் தீர்மானிக்கிறது.

நல்ல வலையை வாங்கிவிட்டு அதைத் துப்பாக்கி ஸ்டேப்ளரால் அடித்து முடிப்பவர்களைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கிறது. ஸ்டேப்ளர் ஊசி மரத்தில் ஒரு சில மில்லிமீட்டரே பிடித்திருக்கும். மழையில் ஊறி, வெயிலில் காய்ந்து மரம் விரிந்து சுருங்கும்போது அந்தப் பிடி தானாகவே தளரும். பழைய கொட்டிலில் மரநாய்க்கு வழிவிட்டது வலையின் கிழிசல்கூட அன்று. கழன்றுபோன இத்தகைய பிடிகள்தாம். ஆகவே வலையைச் சட்டங்களின் வெளிப்பக்கமாக வைத்து, அகன்ற வாஷர் கோத்த திருகாணிகளால் 10 முதல் 15 செ.மீ. இடைவெளியில் இறுக்கினேன். வெளிப்பக்கம் வைப்பதற்குக் காரணம் உண்டு: விலங்கு வலையை உள்நோக்கித் தள்ளும்போது வலை சட்டத்தின்மீது அழுந்தி நிற்கும், உட்பக்கம் அடித்திருந்தால் அதே தள்ளல் வலையைச் சட்டத்திலிருந்து பெயர்த்துவிடும். விளிம்புகளின்மேல் ஒல்லியான மரப்பட்டி ஒன்றையும் வைத்துத் திருகினேன். விலங்கு நகத்தையோ பல்லையோ கொடுத்து நெம்புவதற்கு ஒரு முனையும் வெளியே தெரியாமல் செய்வது இந்தப் பட்டியின் பயன். இரண்டு துண்டுகள் சேரும் இடங்களில் ஒரு கையகல அளவுக்கு ஒன்றன்மேல் ஒன்று படியவிட்டு, கம்பியால் தைத்தாற்போல் கட்டினேன். வெட்டிய முனைகள் கூர்மையாக இருப்பதால் தடித்த கையுறை இல்லாமல் இந்த வேலையைத் தொடக்கூடாது. அந்த முனைகள் கோழிகள் உரசும் பக்கம் நீட்டிக்கொண்டிருக்கவும் கூடாது.

தரை

கொட்டிலின் உள்தரை கல்பாவியதாக இருந்தது நல்வாய்ப்பு. இரண்டு கற்களின் இணைப்பில் மட்டும் பெருச்சாளி வளை தோண்டியிருந்தது. அந்த வளைக்குள் வெல்டு மெஷ் துண்டுகளைத் திணித்து, அதன்மேல் சிமெண்டுக் கலவையை நிரப்பினேன். வெறும் மண்ணையோ கல்லையோ கொண்டு அடைத்தால் அது மறுபடி தோண்டிவிடும்.

கொட்டிலையும் அதை ஒட்டிய பகல் அடைப்பையும் சுற்றித் தரையோரம் என்ன செய்வது என்பதில்தான் அதிகம் யோசித்தேன். சுவருக்கு நேர் கீழே 30 செ.மீ. அல்லது அதற்கும் ஆழமாகக் குழி தோண்டி வலையைச் செங்குத்தாகப் புதைப்பது ஒரு முறை. மண் இறுகியிருந்தாலோ வேர்கள் மண்டியிருந்தாலோ அது மிகவும் கடினமான வேலை. புதைந்த வலை துருப்பிடித்தாலும் வெளியே தெரியாது. இதற்கு மாறாக, வலையை எல் வடிவில் மடித்து, ஒரு பக்கத்தைச் சுவரில் திருகி, மறுபக்கத்தைச் சுவருக்கு வெளியே தரையில் படுக்கையாக விரிப்பது மற்றொரு முறை. நான் தரைவலை என்று குறிப்பிடுவது இதைத்தான். தோண்டும் விலங்கு சுவரின் அடியில், சுவர் தரையைத் தொடும் இடத்தில்தான் தோண்டத் தொடங்கும். அங்கே காலடியில் வலை தட்டுப்பட்டால், பின்வாங்கிச் சென்று வலை முடியும் இடத்திலிருந்து நீளமாகச் சுரங்கம் தோண்டி வர வேண்டும் என்று நாயோ நரியோ கணக்கிடுவது மிக அரிது. 30 செ.மீ. அகலமும் ஓரளவு பயன் தரும். நான் 60 செ.மீ. விரித்தேன். புல்லைச் செதுக்கி, வலையைச் சமமாகப் பரப்பி, தடித்த கம்பியை யு வடிவில் வளைத்துச் செய்த முளைகளை நெருக்கமாக அறைந்து, மேலே மெல்லிய மண்படலம் போட்டேன். புல் வலைக்கண்களின் ஊடாக வளர்ந்து, வேர்களால் அதைத் தரையோடு பிணைத்துவிட்டது. இப்போது அதன்மேல் நடந்தாலும் அடியில் வலை இருப்பது தெரிவதில்லை. மூலைகளில் இரண்டு வலைகள் சேரும் இடத்தை மட்டும் தாராளமாகப் படியவிட வேண்டும், ஏனெனில் எல்லா வேலையிலும் இடைவெளி முதலில் பிறப்பது மூலையில்தான்.

கதவும் தாழ்ப்பாளும்

ஒற்றைக் கொண்டியை நாய் மூக்கால் தட்டியே திறந்துவிடும். ரக்கூன் போன்ற விலங்குகள் முன்னங்கால்களைக் கையைப்போல் பயன்படுத்தி எளிய தாழ்ப்பாள்களை நீக்கவல்லவை. பெரிய கதவுக்கு மேலும் கீழுமாக இரண்டு தாழ்ப்பாள்கள் வைத்தேன். நடுவில் ஒன்று மட்டும் இருந்தால், கதவின் கீழ்மூலையைப் பிடித்து இழுக்கும்போது பலகை வளைந்து இடைவெளி தரும் என்பதே இதற்குக் காரணம். ஒவ்வொரு நாதாங்கியிலும் சுருள்வில் கொக்கி ஒன்று தொங்குகிறது. அதை அழுத்திக்கொண்டே சுழற்றினால்தான் கழலும். இரண்டு வேறுபட்ட அசைவுகள் ஒரே நேரத்தில் தேவைப்படும் பூட்டு எதுவானாலும் போதும், சாவி தேவையில்லை. கதவைச் சுற்றியுள்ள இடைவெளியையும் வலைக்கண்ணைப் போலவே கருதி, 12 மி.மீ.க்கு மேல் எங்கும் இல்லாதபடி உட்பக்கம் தடுப்புப்பட்டி அடித்தேன். கீல்களின் திருகாணிகளை எடுத்துவிட்டு, மறுபக்கம் மரையிட்ட போல்ட்டுகளைப் போட்டேன்.

கோழிகள் வந்துபோகும் சிறிய கதவை, இரண்டு பக்கமும் காடி வெட்டிய சட்டத்துக்குள் மேலும் கீழும் நகரும் பலகையாக மாற்றினேன். இறங்கிய நிலையில் அதன் அடிவிளிம்பு தரையிலுள்ள பள்ளத்துக்குள் அமர்ந்துவிடுவதால், வெளியிலிருந்து நகத்தைக் கொடுத்துத் தூக்க இயலாது. அதை இயக்க ஒளியுணரியும் நேரக்கணிப்பும் கொண்ட தானியங்கி மோட்டாரைப் பொருத்தினேன். கோழிகள் அந்தி மங்கும்போது தாமாகவே உள்ளே வந்துவிடும் என்றாலும், எல்லாம் ஒரே நேரத்தில் வருவதில்லை. கடைசிக் கோழி வருமுன் கதவு மூடினால் அது இரவு முழுவதும் வெளியில் நிற்கும். ஆகவே சூரியன் மறைந்து அரைமணி நேரம் கழித்து மூடும்படி வைத்துள்ளேன். காலையில் முதல் வெளிச்சத்திலேயே திறக்காமல், நன்றாக விடிந்த பிறகு திறக்கும்படி வைப்பதும் முக்கியம். இரவில் அலையும் பல விலங்குகள் வைகறையில்தான் திரும்பிக்கொண்டிருக்கும். தானியங்கி வந்துவிட்டதால் பார்வையிடும் கடமை நீங்கிவிடாது. மின்கலம் தீரலாம், காடியில் வைக்கோல் சிக்கிப் பலகை பாதியில் நிற்கலாம். ஒவ்வோர் இரவும் டார்ச்சுடன் சென்று கோழிகளை எண்ணிவிட்டு வருவதை நான் விடவில்லை.

காற்றுவழியும் பரணும்

பாதுகாப்புக்காகக் கொட்டிலை இறுக மூடிவிடுவது வேறொரு தீங்கைக் கொண்டுவரும். எச்சத்தின் அம்மோனியாவும் மூச்சின் ஈரமும் வெளியேறாவிட்டால் கோழிகளுக்கு மூச்சுக்கோளாறுகள் வரும். கூரையடியில் நான்கு பக்கமும் காற்றுவழி இருந்தே ஆக வேண்டும். அந்த வழிகள் அனைத்தும் சுவரைப் போன்றே வலையிடப்பட வேண்டும். மரநாய் நுழைந்தது இங்கேதான் என்பதால், தகரத்தின் நெளிவுகளுக்கும் சட்டத்துக்கும் இடையேயுள்ள ஒவ்வொரு வளைவையும் வலைப் பட்டைகளால் தனித்தனியே அடைத்தேன். மொத்த வேலையில் மிகுந்த பொறுமையைக் கேட்ட பகுதி இது.

வெளியிலிருந்து முட்டை எடுப்பதற்காக வைத்த பெட்டியின் மூடியும் ஒரு கதவுதான். பலர் அதைத் தன் எடையால் மூடிக்கொள்ளும் பலகையாகவே விட்டுவிடுகிறார்கள். நான் அதற்கும் கொக்கியுடன் கூடிய தாழ்ப்பாள் இட்டேன். பரண்களை வலைச்சுவரிலிருந்து 30 செ.மீ.க்கு மேல் உள்ளே நகர்த்தினேன். கோழிகள் சுவரோடு ஒட்டி அடைந்தால், வலைக்கண் வழியாக வெளியே துருத்தும் இறகும் வாலும் விலங்குக்குப் பிடி கொடுக்கும். கோழி ஒன்றுக்கு 20 முதல் 25 செ.மீ. பரண் நீளம் கிடைத்தால் அவை ஓரத்தில் நெருக்கியடிக்காமல் நடுவில் அடையும்.

பகல் அடைப்பு

பகலில் வரும் எதிரிகள் வேறு: பருந்து, வல்லூறு, காகம், கீரி, நாய். கோழிகள் விழிப்புடன் இருக்கும் என்பதால் இரவுக்கொட்டிலின் அளவுக்கு இங்கே இறுக்கம் தேவையில்லை என்று நினைக்கிறேன். அடைப்பின் கீழ்ப்பகுதியில் 60 செ.மீ. உயரத்துக்கு 12 மி.மீ. வலையும், அதற்கு மேல் 25 மி.மீ. வலையும் போட்டேன். மேலே 5 செ.மீ. கண்ணுள்ள நைலான் வலையை, குறுக்கே இழுத்துக்கட்டிய கம்பிகளின்மேல் விறைப்பாக விரித்தேன். பருந்தைத் தடுக்க இந்த அளவு கண் போதும். விறைப்புதான் முக்கியம்: தொய்ந்து தொங்கும் வலையில் பறவைகள் சிக்கிக்கொள்ளும்; தரையில் குவிந்துகிடக்கும் நைலான் வலை பாம்புகளின் உயிரையும் வாங்கிவிடும். முழுதும் வலை போட இயலாதவர்கள் கோழிகள் ஓடி ஒளிவதற்கு அடர்ந்த செடிகளையோ, நான்கு கால் நட்டு மேலே பலகை போட்ட தாழ்ந்த மேடைகளையோ அங்கங்கே வைக்கலாம். வான் எச்சரிக்கையைக் கேட்டதும் ஓடிப் பதுங்குவது கோழியின் இயல்பு; பதுங்க இடம் இருந்தால் அந்த இயல்பே பாதி காவல். கூரையின்மேல் நீண்டிருந்த கிளைகளையும், விலங்கு தாவ முடியாத தொலைவுக்குக் கழித்துவிட்டேன்.

மின்வேலி போடுவதையும் எண்ணிப் பார்த்தேன். நொடிக்கு ஒருமுறை அளவில், மிகக் குறுகிய நேரம் மட்டும் பாயும் உயர் மின்னழுத்தத் துடிப்பு, தொட்ட விலங்குக்கு வலியைத் தருமே ஒழிய உயிரைப் பறிக்காது. கரடி வரும் பகுதிகளில் மரமும் வலையும் நிற்காது என்பதால் அங்கே அதுவே தக்க காவல். ஆனால் அதற்கென்று தயாரித்த கருவியால் மட்டுமே அதை இயக்க வேண்டும். வீட்டு மின்சாரத்தை நேரே கம்பியில் விடுவது ஆளைக் கொல்லும் செயல். புல் வளர்ந்து கம்பியைத் தொட்டாலோ, தரையிணைப்பு காய்ந்துபோனாலோ அது செயலிழந்துவிடும். என் சிறிய அடைப்புக்கு வலையே போதும் என்று விட்டுவிட்டேன்.

எலியும் பாம்பும்

கொட்டிலைச் சுற்றிப் பாம்பு வருகிறது என்றால், அது பெரும்பாலும் எலியைத் தேடியே வருகிறது. எலி வருவது சிந்திய தீவனத்தைத் தேடி. ஆகவே தீவன மூட்டையை மூடியுள்ள உலோகப் பீப்பாய்க்கு மாற்றினேன், இரவில் தீவனத்தட்டை உள்ளே விடுவதில்லை, முட்டைகளை அன்றன்றே எடுத்துவிடுகிறேன். இந்த மூன்றும் வலைக்கு நிகரான காவல்கள். எலிக்கு நஞ்சு வைப்பதை உறுதியாக எதிர்க்கிறேன். நஞ்சுண்ட எலி உடனே சாவதில்லை. தள்ளாடித் திரியும் அதைப் பிடித்துத் தின்னும் ஆந்தையும் சாரைப்பாம்பும் பூனையும் நஞ்சேறி இறக்கின்றன. நமக்காக எலி பிடித்துவந்த உயிர்களை இழந்தபின் எலிகள் முன்னிலும் பெருகும். கோழியே அந்த எலியைக் கொத்தித் தின்னும் ஆபத்தும் உண்டு. மரநாயைப் பொறிவைத்துப் பிடித்து அப்புறப்படுத்தவும் நான் முனையவில்லை. பல நாடுகளில் இத்தகைய காட்டுயிர்களையும் வேட்டைப் பறவைகளையும் பிடிப்பதோ கொல்வதோ குற்றம் என்பது ஒருபுறமிருக்க, ஒன்றை அகற்றினால் காலியான எல்லைக்குள் அதே இனத்தின் வேறொன்று வந்து சேரும். திறந்த கொட்டில் அதற்கும் திறந்தேதான் இருக்கும்.

சோதித்தது

வேலை முடிந்ததும், கோழிகளை விடுவதற்கு முன் இருட்டிய பிறகு ஒருவரைப் பலமான டார்ச்சுடன் கொட்டிலுக்குள் நிறுத்தி, நான் வெளியே சுற்றிவந்தேன். வலை வழியே வரும் ஒளி ஒரே சீரான புள்ளிகளாகத் தெரியும். இடைவெளி உள்ள இடத்தில் மட்டும் அது கோடாகவோ திட்டாகவோ வெளிப்படும். கதவின் மேல்மூலையிலும், கூரையின் ஒரு நெளிவிலும் அப்படித் தெரிந்த இடங்களைச் சுண்ணாம்புக்கட்டியால் குறித்து மறுநாள் அடைத்தேன். பிறகு 12 மி.மீ. தடித்த குச்சி ஒன்றை எல்லா இணைப்புகளிலும் கொடுத்துப் பார்த்தேன். கதவுகளையும் வலையின் விளிம்புகளையும் உடல் எடையைப் போட்டு இழுத்தும் சோதித்தேன். ஒரு வளர்ந்த நாய் இழுக்கும் பலத்துக்கு நாம் இழுத்து அசையாவிட்டால்தான் அதை நம்பலாம்.

கேமரா அதன்பிறகும் கூரையை நோக்கியே இருக்கிறது. மரநாய் தொடர்ந்து வந்தது; தகரத்தின்மேல் நடந்தது, பழைய வழியை முகர்ந்து பார்த்தது, மரப்பட்டியில் நகக்கீறல்களை விட்டுச் சென்றது. வரவர அதன் வருகை குறைந்தது. தரைவலையின்மேல் ஓரிடத்தில் ஏதோ ஒன்று கிளறிப் பார்த்துக் கைவிட்ட தடமும் இருக்கிறது. கோழிகளில் ஒன்றும் குறையவில்லை.

இப்போது மாதம் ஒருமுறை திருகாணிகளை இறுக்கி, எச்சம் படியும் கீழ்வலையைக் கம்பித்தூரிகையால் தேய்த்துத் துரு பார்க்கிறேன். பெருமழைக்குப் பின் தரைவலையின் முளைகளையும் நைலான் கூரையில் சேர்ந்த சருகுகளையும் கவனிக்கிறேன். மிச்சமிருப்பது குஞ்சுகளுக்கான தனி அறை. சிறிய பாம்புகளும் எலிக்குஞ்சுகளும் 12 மி.மீ. கண்ணில் நுழையக்கூடும் என்பதால், அந்த அறைக்கு மட்டும் உட்புறம் 6 மி.மீ. கண்ணுள்ள வலையை இரண்டாம் அடுக்காகப் போட அளவெடுத்து வைத்திருக்கிறேன். அடுத்த அடை வைப்பதற்கு முன் அதை முடித்தாக வேண்டும்.